மூணாவது சிலிண்டர்

காய் வாங்க வந்தீங்களான்னு கேட்டீங்க. இல்லீங்க. ஒட்டன்சத்திரத்துக்கு வெளியூர்க்காரன் வந்தா காய்க்குத்தான் வருவான், அதனால கேட்டீங்க, தப்பில்ல. நான் ஒரு ஆளைப் பாக்க வந்தேன். பாத்துட்டேன். பாத்துட்டு வந்து பஸ் ஸ்டாண்டுல ரெண்டு கோயமுத்தூர் பஸ்ஸை விட்டுப்போட்டு சும்மா நின்னுட்டிருந்தேன். ஏன்னு தெரியல. நீங்க எது வரைக்கும்? பொள்ளாச்சியா? அப்ப நேரம் இருக்குது.

யார்கிட்டயாச்சும் சொல்லோணும் போல இருக்குதுங்க. தெரிஞ்சவங்ககிட்டச் சொல்ல வாய் வரமாட்டேங்குது. நீங்க பொள்ளாச்சியில இறங்கிப் போயிருவீங்க.

என் பேரு நாச்சிமுத்து. கோயமுத்தூர்ல ஒரு மில்லுல பர்ச்சேஸ் ஆபீசர். வர்ற சரக்கு சரியில்லைன்னா யார் மேல தப்புன்னு கண்டுபுடிச்சு லெட்டர் எழுதறது என் வேலை. இருபத்திமூணு வருசமா எழுதறேன். சரி, அதை விடுங்க.

என்கிட்ட ஒரு பழைய ஜென் காரு இருந்துச்சு. தொண்ணூத்தேழு மாடல். ஒரு லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடி, புகை தள்ள ஆரம்பிச்சிருச்சு. மெக்கானிக் பாத்துட்டு, "எடைக்குப் போட்டுட்டு வேற பாருங்க சார்"ன்னான். எனக்கு அது பொறுக்கல. வீட்லயே என்சினைக் கழட்டி, புதுசாக் கட்டி, அதுமேல டர்போவும் வெச்சுக் காட்டறேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

டர்போன்னா தெரியுமுங்களா? என்சின்ல இருந்து வெளிய போற புகை சும்மாத்தானே போகுது? அந்த வேகத்துல ஒரு சின்னச் சக்கரத்தைச் சுத்த விடறது. அந்தச் சக்கரம் காத்தை அமுக்கித் திரும்ப என்சினுக்குள்ள தள்ளும். காத்து கூடப் போனா பெட்ரோலும் கூட எரியும், வண்டி பிச்சுக்கிட்டுப் போகும். வீணாப் போறதுல வேலை வாங்கறது. எவ்வளவு அழகு பாருங்க. உக்கடத்துல பழைய சாமான் கடையில, அடிபட்ட டீசல் கார்ல இருந்து எடுத்த டர்போ ஒண்ணு புடிச்சேன். உள்ளங்கை ரெண்டையும் சேத்தா அதுக்குள்ள உக்காந்துக்கும். அதைக் கொண்டாந்து சாப்பாட்டு மேசை மேல வெச்சு நான் பாத்துட்டே இருந்தேன். என் சம்சாரம் பூங்கொடி வந்து, "தட்டு வெக்கோணும், எடுங்க"ன்னா.

போர்ட்டிகோவுல சங்கிலி போட்டு என்சினைத் தொங்கவிட்டேன். எட்டு மாசம், சனி ஞாயிறு எல்லாம் அங்கதான். வீடியோ பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டேன். கார் பைத்தியங்க எல்லாம் சேந்து ஒரு வாட்ஸாப் குரூப் வெச்சிருந்தோம். வீட்டுப் பட்டறைன்னு பேரு. இருநூறு பேருக்கு மேல. ஒவ்வொரு வாரமும் போட்டோ போடுவேன். "சூப்பருங்ணா", "தலைவா"ன்னு வரும். ஆபீஸ்ல என்னை யாரும் தலைவான்னு கூப்பிட்டதில்லைங்க.

எல்லாம் நானே பண்ணுனேன். ஒண்ணே ஒண்ணு தவிர. சிலிண்டரைக் கடைஞ்சு பெருசாக்கறது, போரிங்கும்பாங்க. அதுக்கு மிஷின் வேணும், அதை விடக் கை வேணும். அதுக்குத்தான் கணபதியில அருளப்பன்கிட்டப் போனேன்.

சின்னப் பட்டறை. அவரும் சம்சாரம் ஸ்டெல்லாவும்தான். என் வயசுதான் அவருக்கும். பேசவே மாட்டாரு. சிலிண்டருக இருக்கற என்சின் பிளாக்கைத் தடவிப் பாத்துட்டு, "என்ன வண்டி சார், எதுக்கு?"ன்னாரு. டர்போ வெக்கப் போறேன்னு சொன்னதும் ஒரு நிமிசம் யோசிச்சாரு. "அப்ப சூடு ஜாஸ்தியாகும். பிஸ்டனுக்கும் சுவத்துக்கும் நடுவுல இடைவெளி கொஞ்சம் கூட விடணும். ரெண்டு நாள் சேத்துக் குடுங்க."

நாலு சிலிண்டரையும் முடிச்சு, ஒவ்வொண்ணோட அளவையும் ஒரு அட்டையில பென்சில்ல எழுதி, கம்பியில கோத்து பிளாக்குலயே கட்டிக் குடுத்தாரு. அப்படி யாருங்க பண்றாங்க? கெளம்பறப்ப ஒண்ணு சொன்னாரு. "சார், அடியில ஆயில் தொட்டி மாட்டறப்ப சிவப்பு பேஸ்ட் பூசுவீங்கல்ல, மெல்லிசாப் பூசுங்க. ஜாஸ்தியா வெச்சா உள்பக்கமாப் பிதுங்கும்."

எனக்குச் சுருக்குனு இருந்துச்சு. எனக்கே சொல்லிக் குடுக்கறாரான்னு. "தெரியுமுங்க"ன்னேன்.

வீட்டுக்கு வந்து பேஸ்ட் பூசுனேன். ஒழுகிறக்கூடாதுங்கற பயத்துல நல்லாவே பூசுனேன். ஒரு டியூப் முழுசும்.

வண்டி ஓடுச்சுங்க! அதைச் சொல்லியே ஆகோணும். மொத நாள் சாவியைத் திருப்புனதும் புடிச்சுக்கிச்சு. குரூப்ல போட்டேன், ஞாயித்துக்கெழமை காலையில நீலாம்பூர் பைபாஸ்ல வந்து பாருங்கன்னு. முப்பது முப்பத்தஞ்சு பேர் வந்துட்டாங்க. ரோட்டோரத்துல வண்டிகளை நிறுத்திப்போட்டுக் கையில போனோட நிக்கறாங்க. நான் ஒருத்தன் மட்டும் வண்டியில. மூணாவது கியர்ல அமுக்குனதும் டர்போ விசில் அடிச்சுது. முதுகு சீட்டோட ஒட்டிக்கிச்சு. இருபத்தஞ்சு வருசத்துப் பழைய வண்டிங்க அது! புது வண்டி ஒண்ணு ஒதுங்கி வழி விட்டுச்சு. ஆயில் லைட்டு ஒருக்கா மினுக்குச்சு. வயர் லூசாயிருக்கும்னு நெனச்சேன். அந்த நேரத்துல யாருங்க லைட்டைப் பாப்பாங்க?

திரும்பி வர்றப்ப, சரியா அவங்க முன்னாடி வர்றப்ப, இரும்பை இரும்பு கடிக்கற மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். சக்கரம் இழுத்துக்கிட்டு நின்னுருச்சு. என்சின் இறுகிப்போச்சு. முப்பத்தஞ்சு பேரும் ஓடி வந்து சுத்தி நின்னாங்க. பாதிப் பேர் வீடியோ எடுத்துட்டிருந்தாங்க. ஒருத்தன் கேட்டான், "அண்ணா, போரிங் யாருங்ணா பண்ணுனது?"

நல்லாக் கேளுங்க. அவன் வேற எதையாச்சும் கேட்டிருந்தா நானும் வேற எதையாச்சும் சொல்லியிருப்பேன். போரிங் யாருன்னு கேட்டதும், எல்லார் கண்ணும் என்னை விட்டு அந்தப் பேரைத் தேடிட்டுப் போன மாதிரி இருந்துச்சு. எனக்கு மூச்சு வந்துச்சு. "கணபதி அருளப்பன்"னேன். "அதான் பாத்தேன். இடைவெளி பத்தாம பிஸ்டன் புடிச்சிருச்சு"ன்னு நாலு பேர் சொன்னாங்க. நானும் ஆமான்னேன்.

வண்டியைக் கட்டி இழுத்துட்டு வந்து, மத்தியானமே மேல் மூடியைத் திறந்தேன். மூணாவது சிலிண்டர் சுவரு முழுக்க நகத்துல கீறுன மாதிரிக் கோடு. போட்டோ எடுத்து குரூப்ல போட்டேன். எழுதறதுக்கு எனக்குச் சொல்லிக் குடுக்கோணுமுங்களா? கணபதி அருளப்பன் போரிங், எட்டு மாச உழைப்பு ஒரே நாள்ல நாசம், நண்பர்கள் யாரும் அங்க போய் ஏமாற வேண்டாம். கடை போர்டோட போட்டோவும் சேத்துப் போட்டேன். சாயங்காலத்துக்குள்ள வேற குரூப்புக்கெல்லாம் போயிருச்சு. "எனக்கும் அப்படித்தான் ஆச்சு"ன்னு அவர்கிட்டப் போகாதவன் எல்லாம் எழுதறான். மெக்கானிக்குக குரூப்புக்கும் போயிருச்சு.

வியாழக்கெழமை லீவு போட்டு, அடியில ஆயில் தொட்டியைக் கழட்டுனேன்.

ஆயிலை உறிஞ்சற குழாய் வாயில ஒரு சின்னச் சல்லடை இருக்குமுங்க. அதைப் பூரா சிவப்பா அடைச்சுக் கெடந்துச்சு. பேஸ்ட். நான் பூசுனது. உள்ள பிதுங்கி, துண்டு துண்டாப் பிஞ்சு, சிங்க்குல தக்காளித் தோலு அடைக்கற மாதிரி அடைச்சிருந்துச்சு. ஆயிலே மேல ஏறல. ஆயில் இல்லாமத்தான் பிஸ்டன் இறுகியிருக்குது.

உடனே குரூப்ல எழுதியிருக்கலாம். அன்னைக்கு எழுதியிருந்தா நாலு நாள் கிண்டல் பண்ணியிருப்பாங்க, அவ்வளவுதான். நான் பொய் சொல்ற ஆளு இல்லீங்க. எழுதிறலாம்னுதான் போனை எடுத்தேன். பாத்தா, "அண்ணனோட தைரியத்துக்கு சல்யூட்"ன்னு ஒருத்தன் போட்டிருந்தான். போனை வெச்சுட்டேன். சல்லடையைக் கழுவுனேன். எதுக்குக் கழுவுனேன்னு கேக்காதீங்க.

சனிக்கெழமை காலையில அருளப்பன் வீட்டுக்கு வந்துட்டாரு. கையில துணிப்பையி. அதுக்குள்ள சிலிண்டர் அளக்கற கேஜு. வாசல்லயே நின்னாரு.

"சார், ரெண்டு கராஜ்ல இருந்து குடுத்த பிளாக்கைத் திருப்பி எடுத்துட்டுப் போயிட்டாங்க. நான் உங்ககூடச் சண்டைக்கு வரல. ஒரே ஒரு தடவை அந்த மூணாவது சிலிண்டரை அளந்து பாக்க விடுங்க. தப்பு என் பேர்லன்னா நானே உங்க குரூப்ல வந்து சொல்றேன்."

பிளாக்கு அவருக்குப் பின்னால பத்தடி தூரத்துல, போர்ட்டிகோ மூலையில சாக்குப் போட்டு மூடிக் கெடக்குது. சுவத்துல கோடு விழாத எடம் மேல ஒரு விரக்கடை இருந்துச்சு. அங்க அளந்தாப் போதும், தெரிஞ்சிரும்.

நான் சொன்னேன், "அது இல்லீங்களே. எடைக்குப் போட்டுட்டேன். நேத்துத்தான்."

அவரு திரும்பி அந்தச் சாக்கைப் பாத்தாரு. நெசமாப் பாத்தாரு. பிளாக்கு என்ன வடிவத்துல இருக்கும்னு அவருக்குத் தெரியாதுங்களா? பாத்துட்டு என் மூஞ்சியைப் பாத்தாரு. சாக்கைத் தூக்கிப் பாருன்னாலும் தூக்கிப் பாக்கற ஆளு இல்லைங்க அவரு. அடுத்தவங்க வீட்டுச் சாமானைத் தொட மாட்டாரு. பூங்கொடி காபி கொண்டாந்தா. "இல்லம்மா, இருக்கட்டும்"னுட்டுப் பையை மடிச்சு எடுத்துட்டுப் போயிட்டாரு.

அவரு தெரு முனை திரும்பற வரைக்கும் பூங்கொடி அந்தக் காபியைக் கையிலயே வெச்சுட்டு நின்னா. அப்பறம் என்கிட்ட, "ஏனுங்க, சாக்குக்குள்ள இருக்கறதை எப்ப எடைக்குப் போடுவீங்க?"ன்னா. அவ்வளவுதான் கேட்டா. அதுக்கப்பறம் அவ போர்ட்டிகோ பக்கமே வர்றதில்ல. பின்வாசல் வழியாத்தான் போவா வருவா. ரெண்டு வருசமா.

ஆமாங்க, இது நடந்து ரெண்டு வருசம் ஆச்சு. அந்த பிளாக்கை நான் எடைக்கும் போடல. மூணு மாசம் கழிச்சு, வேற ஊர்ல, ஈரோட்டுல, என்னைத் தெரியாத ஒரு பட்டறையில கொண்டு போய் அளக்கக் குடுத்தேன். அந்தாளு அளந்துட்டு, கூடக் கட்டியிருந்த அட்டையைப் பாத்துட்டு, "யாருங்க பண்ணுனது? நாலும் ஒரே அளவு. எழுதுனது எழுதுனபடி இருக்குது"ன்னாரு. நான் நம்ம பக்கத்து ஆளுதான்னுட்டு வந்துட்டேன்.

அப்பவாச்சும் போயிருக்கலாம். வேலை அதிகம். அப்பறம் ஆடிட்டு. போன மாசம் ஆபீஸ் வேலையா கணபதி போனேன். அந்தப் பட்டறை இருந்த எடத்துல தண்ணி கேன் அடுக்கி வெச்சிருக்குது. பக்கத்துக் கடைக்காரரு சொன்னாரு, "அருளப்பனா? அவரு பட்டறையை ஏறக்கட்டி ஒன்றரை வருசம் ஆச்சு. வேலையே வரல. வந்த ரெண்டு மூணையும் அவரே வேண்டாம்னுட்டாரு. ஒட்டன்சத்திரத்துல எடை மேடையில இருக்காரு, சம்சாரத்தோட ஊரு."

வேலையை அவரே வேண்டாம்னுட்டாருங்கறது எனக்கு அப்பப் புரியல. இன்னைக்குத்தான் புரிஞ்சுது.

மார்க்கெட்டுக்குப் பின்னாடி லாரி எடை மேடை. ஒரு சின்ன ரூமு. அதுக்குள்ள உக்காந்திருந்தாரு. என்னைப் பாத்ததும் டக்குனு எந்திரிச்சு ஸ்டூலை எடுத்துப் போட்டாரு. டீ சொன்னாரு. திட்டுவாருன்னு நெனச்சுத்தான் போனேன். திட்டுனா தாங்கிக்கலாம்னு மனசுல தயாராப் போனேன். நான் வாயைத் தொறக்கறதுக்கு முன்னாடியே அவரு சொல்றாரு:

"நானே உங்களை வந்து பாக்கணும்னு இருந்தேன் சார். ரொம்ப நாளா யோசிச்சுப் பாத்துட்டேன். தப்பு என் பேர்லதான். மூணாவது சிலிண்டர் ஓட்டிட்டிருந்தப்ப கரண்ட் போயிட்டு வந்துச்சு. மறுபடி ஓட்டறப்ப நான் ஒரு தடவைக்கு ரெண்டு தடவை அளந்திருக்கணும். கண்ணும் அப்பச் சரியில்ல, கண்ணாடி மாத்தாம இருந்தேன். உங்க எட்டு மாச உழைப்பு போச்சு. அதுக்கப்பறம் எந்த பிளாக்கை மிஷின்ல ஏத்துனாலும் கை நடுங்குது சார். சரியா இருக்கா இல்லையான்னு என்னாலயே நம்ப முடியல. அதான் விட்டுட்டேன். இங்க அளக்கறது மிஷின். நான் சீட்டுக் கிழிச்சுக் குடுக்கறதோட சரி."

எனக்கு டீ டம்ளர் கையில சுட்டுச்சு. கீழ வெக்கத் தோணல.

சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன். பேஸ்ட், சல்லடை, சாக்கு, ஈரோடு. நடுவுல ஒரு முட்டைக்கோஸ் லாரி வந்துச்சு. எந்திரிச்சுப் போய் எடை போட்டு, சீட்டுக் கிழிச்சுக் குடுத்துட்டு வந்து உக்காந்தாரு.

"அப்ப மூணாவது சரியா இருந்துச்சா?"

"நாலும் ஒரே அளவுங்க. நீங்க எழுதுனபடியே இருந்துச்சு."

அவரு தன்னோட வலது கையைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. அப்பறம் கேட்டாரு பாருங்க, "டர்போ நல்லா இழுத்துச்சா சார்?"

நான் எப்படிப்பட்ட ஆளுன்னா, அந்த எடத்துல சந்தோசமாப் பதில் சொன்னேன். மூணாவது கியர்ல முதுகு சீட்டோட ஒட்டுச்சுன்னு கையை ஆட்டி ஆட்டிச் சொல்றேன். அவரும் தலையை ஆட்டிக் கேக்கறாரு. பாதியில எனக்கே என் குரல் காதுல விழுந்துச்சு. நிறுத்திட்டேன்.

"இதை ஸ்டெல்லாகிட்டச் சொல்லிட்டுப் போங்க சார். நான் சொன்னா, அவளைத் தேத்தறதுக்குச் சொல்றேன்னு நெனைப்பா"ன்னாரு.

வீடு பின்னாடியேதான். ஸ்டெல்லாம்மா பூண்டு உரிச்சுட்டிருந்தாங்க. அவங்க உக்காரச் சொல்லல. நின்னுட்டே மறுபடியும் மொதல்ல இருந்து சொன்னேன். ரெண்டாந் தடவை சொல்றப்ப எனக்கு அழுகை வந்துருச்சு. அவங்க பூண்டை வெச்சுட்டு எந்திரிச்சாங்க.

"இங்க நின்னு அழாதீங்க. இவரு ரெண்டு வருசமா ராத்திரி சோறு திங்கறப்பக்கூட கையைப் பாத்துக்கிட்டே திங்கறாரு. நானும் சேந்து சொல்லியிருக்கேன், நீங்கதான் கவனமா இருந்திருக்கணும்னு. நானே சொல்லியிருக்கேன். அதை எங்க போய் நான் திருப்பி வாங்கறது?"

அருளப்பன், "விடு ஸ்டெல்லா"ன்னாரு.

"என்ன விடறது? சார், நீங்க எங்க எழுதுனீங்களோ அங்கயே எழுதுங்க. எங்க வீட்டுக்குள்ள வந்து சொன்னா இந்தச் சுவருக்குத்தான் கேக்கும்."

அதுக்குள்ள வெளிய ஆரன் சத்தம். லாரி வந்துருச்சு சார்னுட்டு அவரு போயிட்டாரு. நான் திரும்பி நடக்கறப்ப ரூமைத் தாண்டித்தான் வந்தேன். அவரு நிமிந்து பாக்கல. கோபமா, வேலையான்னு எனக்குத் தெரியல.

பழனி வந்துருச்சுங்களா? அட, பழனியும் தாண்டிருச்சு.

பஸ்ல ஏறுனதுல இருந்து, பேசிக்கிட்டே குரூப்புக்குப் போன்ல எழுதிட்டிருக்கேன். நீங்க இதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க. நண்பர்களுக்கு வணக்கம், முன்னர் நான் பதிவிட்ட ஒரு தகவல் தொடர்பாகச் சில தொழில்நுட்பக் காரணங்களால் ஏற்பட்ட தவறான புரிதலை... ஏனுங்க, போனைத் திருப்பிக் குடுக்கறீங்க? ஆமாங்க. ஆபீஸ் லெட்டர் மாதிரித்தான் இருக்குது. எனக்கே தெரியுது. கை தானா அப்படித்தான் எழுதுது. யாரோ ஏதோ பண்ணிட்ட மாதிரி.

இருங்க. எல்லாத்தையும் அழிச்சுட்டேன்.

இப்பப் பாருங்க. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி என் என்சின் போனது என்னால. பேஸ்ட் நான் அதிகமாப் பூசுனேன், அது ஆயில் போற வழியை அடைச்சுருச்சு. அருளப்பன் பண்ணுன போரிங் நாலும் சரியான அளவு. அது எனக்கு நாலாவது நாளே தெரியும். அளந்து பாக்க வந்தவர்கிட்ட பிளாக்கை மறைச்சேன். பொய் சொன்னேன். நாச்சிமுத்து.

போதுமுங்களா? இன்னும் ஏதாச்சும் சேக்கோணுமா? வேண்டாம்ங்கறீங்க. சரி. அனுப்பறேன்.

அனுப்பிட்டேன்.

நானூறு பேர் இருக்காங்க இப்ப குரூப்ல. பாருங்க, டிக்கு விழுந்துருச்சு. வேர்க்குதுங்க எனக்கு. இவ்வளவு காத்து அடிக்குது, வேர்க்குது. கிழிக்கப் போறாங்க. கிழிக்கட்டும். அன்னைக்கு அவரைக் கிழிச்சாங்கல்ல.

ஒருத்தன் கட்டை விரலைக் காட்டியிருக்கான். படிக்காமயே காட்டுவான் அவன். இன்னொருத்தன் ஏதோ டயரு விக்கறதுக்குப் போட்டோ போட்டிருக்கான். அதுக்கு நாலு பேர் கேக்கறாங்க, என்ன சைசுன்னு.

இருங்க, எனக்கு ஒண்ணு வந்திருக்குது.

"யாருங்ணா அந்த அருளப்பன்?"

அவ்வளவுதாங்க. வேற ஒண்ணும் கேக்கல. கீழ இன்னொருத்தனும் அதையேதான் கேட்டிருக்கான். என் மேல ஒருத்தனுக்கும் கோபமில்ல. அவங்களுக்கு ஞாபகமே இல்லீங்க. ஒரு மத்தியானம் பொழுது போகறதுக்குப் பேசுனாங்க, மறந்துட்டாங்க. அந்தாளு அங்க சீட்டுக் கிழிச்சுட்டிருக்காரு.

உடுமலை வந்துருச்சு போல. டீக்கு நிறுத்துவான். நீங்க இறங்கிக் குடிச்சுட்டு வாங்க, நான் வரல. இதுக்குப் பதில் எழுதோணும். யாருன்னு கேட்டிருக்காங்கல்ல. கணபதியில பட்டறை வெச்சிருந்தாரு, பிளாக்கைக் குடுத்தா நாலு அளவையும் பென்சில்ல எழுதிக் கம்பியில கட்டிக் குடுப்பாரு, அங்க இருந்து ஆரம்பிக்கறேன்.